குடிப்பவன் ஒருவன், துயருறுவோர் பலர்

மதுவுக்கு அடிமைப்பட்டவனைக் குறித்து நம்மவரிடம் இரண்டே தீர்ப்புகள் உண்டு. ஒன்று, "அவன் விதி". மற்றொன்று, "மனம் வைத்தால் விட்டுவிடலாம்". இரண்டும் பிழையென்பதே என் கருத்து.

மனவுறுதி வேண்டியதே, மறுக்கவில்லை. ஆயினும், நெடுங்காலம் நாள்தோறும் மிதமிஞ்சிக் குடித்தவன் திடீரென நிறுத்தினால், கைநடுக்கத்தோடு நில்லாது வலிப்பும் மதிமயக்கமும் நேரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கோயிலிற் சத்தியஞ் செய்வித்து, அறையினுட் பூட்டிவைக்கும் உறவினர் இதனை அறிதல் வேண்டும். சத்தியத்துக்கு முன் வைத்தியரை நாடுக.

இனி, மனைவியின் நிலை. கணவன் எழமுடியாத காலையில் "காய்ச்சல்" என்று வேலைத்தலத்துக்குச் சொல்லியனுப்புபவள் அவள். நகையை ஈடுவைத்துத் தவறணைக் கடனைத் தீர்ப்பவளும் அவளே. மானங் காக்கும் இம்மறைப்பு நோயையும் காத்துவிடுகிறது.

1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், பில் வில்சனும் வைத்தியர் பொப் சிமித்தும் குடிநோயாளர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் இயக்கத்தைத் தொடங்கினர். கணவர் குடியை விட்ட பின்னும் தமக்குத் துணை வேண்டியிருந்ததை உணர்ந்தவர் பில்லின் மனைவி லோயிஸ். 1951 இல் குடும்பத்தாருக்கெனத் தனியமைப்பு உருவாக அவர் முன்னின்றார்.

நம் ஊர்களில் வாசிகசாலைகள் உள; மாதர் சங்கங்கள் உள. வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இக்குடும்பத்தாருக்கு ஒதுக்கலாகாதா? அங்கே பேசியது வெளியே போகாதென்ற உறுதி ஒன்றே முதல். விட்டவன் மீண்டும் சறுக்கினால், எள்ளி நகையாடாது மறுபடியும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் துணிவு அவ்வீட்டாருக்கு அங்கேதான் பிறக்கும். குடிகாரனைத் திருத்த ஊர் கூடுமுன், அவன் வீட்டார் சொல்வதைக் கேட்க நாலுபேர் கூடட்டும்.