அட்டைப்பெட்டியில் 100, காதில் 42

காலையில் ஆவடியில் மூர் மார்க்கெட் லோக்கல் ஏறும் காலேஜ் கூட்டத்தைப் பாருங்கள். பாதிப் பேர் காதில் ஏதாவது ஒன்று செருகியிருக்கும். அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர் என்று ஸ்டேஷன்கள் ஓட ஓட பாட்டும் அமர்க்களமாக ஓடும். ஒரு குறையும் தெரியாது.

அதே பையன் ராத்திரி பதினோரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, அதே பிளேயரையும் அதே இயர்போனையும் எடுக்கிறான். பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே காதுக்குள் ஒரு "உஸ்ஸ்ஸ்". விசில் வருவதற்கு முந்தைய குக்கர் மாதிரி. வால்யூமைக் குறைத்தால் பாட்டு குறைகிறது. உஸ் குறையவில்லை! மாசக்கணக்கில் சேர்த்த காசில் வாங்கிய சாமான் இது.

மறுநாள் கடைக்குப் போனால் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

"பாட்டு ஃபைல் சரியில்ல தம்பி."

"உங்க இயர்போன் ரொம்ப சென்சிடிவ். அப்படித்தான் இருக்கும்."

"இன்னும் பவர்ஃபுல்லா ஒரு பிளேயர் எடுங்க, சரியாயிடும்."

"எலக்ட்ரானிக்ஸ்னா கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும். அது இயற்கை."

முதலாவதும் மூன்றாவதும் சுத்தப் பொய். மற்ற இரண்டும் பாதி உண்மை. பாதி உண்மைதான் அதிக ஆபத்து. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

ஃபைல் சரியில்லை என்ற வாதத்தை உடைக்க ஐந்து விநாடி போதும். பாட்டை ஓடவிட்டு வால்யூமைச் சைபருக்குக் கொண்டுவர வேண்டும். உஸ் அப்படியே இருந்தால் அது பாட்டுக்குள் இருந்து வரவில்லை, பிளேயரின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருகிறது. இன்றைய பல பிளேயர்களில் வால்யூம் குறைப்பு ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே, டிஜிட்டலாக நடந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயர் தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலுக்கு அந்த வால்யூம் பட்டனே தெரியாது. பாட்டை நிறுத்திய சில விநாடிகளில் "டிக்" என்று உஸ் காணாமல் போகிறதா? ஆம்ப்ளிஃபயர் தானே அணைந்துகொள்கிறது என்று அர்த்தம். அதனால், நிறுத்தி வைத்த பிளேயரைக் காதில் கொடுத்து "பாருங்க, சத்தமே இல்ல" என்று சொல்வது கண்கட்டு வித்தை. (சார்ஜரில் போட்டால் மட்டும் வருகிற "உர்ர்" வேறு வியாதி. அது சார்ஜர், எர்த் சமாச்சாரம். இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அடுத்தது இயர்போன் மேல் போடும் பழி. இங்கேதான் கொஞ்சம் கணக்கு வேண்டும். பயப்பட வேண்டாம், பிளஸ் டூ லெவல்தான்.

ஒரு பிளேயரின் பெட்டியில் "எஸ்.என்.ஆர். 100 டெசிபல், அவுட்புட் 1 வோல்ட்" என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளிதான் எஸ்.என்.ஆர். 100 டெசிபல் என்றால் ஒரு லட்சம் மடங்கு. அதாவது பாட்டு 1 வோல்ட்டில் அலறும்போது இரைச்சல் 10 மைக்ரோவோல்ட். பார்க்க அற்புதமான நம்பர்.

இப்போது இயர்போன்: 16 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபல். ஒரு மில்லிவாட்டுக்கு இந்த இயர்போன் கேட்பது 126 மில்லிவோல்ட்தான். ஒரு முழு வோல்ட் கொடுத்தால் 128 டெசிபல் சத்தம் வரும். அந்த 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் 1 வோல்ட்டை விட 100 டெசிபல் கீழே இருப்பதால், காதில் அது 28 டெசிபலாக விழுகிறது.

28 டெசிபல் ஒரு பெரிய சத்தமா? ரயிலில் இல்லவே இல்லை. இந்தியாவின் ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு இரவில் வைத்திருக்கும் வரம்பே 45 டெசிபல். ஆனால் காதை அடைத்து உட்காரும் இயர்போன் வெளிச்சத்தத்தில் 20 டெசிபலையாவது தடுத்துவிடும். அடைத்த காதுக்குள் மிச்சமிருக்கும் அமைதியில் 28 டெசிபல் நன்றாகவே கேட்கும்.

ராத்திரி யாரும் 128 டெசிபலில் பாட்டு கேட்பதில்லை. 70 டெசிபல் தாராளம். 70-லிருந்து 28-ஐக் கழித்தால் 42. பெட்டியில் 100 என்று போட்டு விற்ற சாமான், உண்மையில் கேட்கும் நேரத்தில் கொடுப்பது 42. நல்ல கேசட் டெக் ஒன்று டோல்பி இல்லாமலேயே 50 டெசிபலைத் தாண்டும்! அப்பாக்களின் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டைப் பார்த்துச் சிரிக்கும் தலைமுறைக்கு, கேசட்டை விட மோசமான அமைதி "ஹை-ரெஸ்" ஸ்டிக்கர் ஒட்டி விற்கப்படுகிறது.

அதே பிளேயரில் 32 ஓம், மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் சாதாரண இயர்போனைச் செருகினால் இரைச்சல் 15 டெசிபலுக்கு இறங்கிவிடும், காதுக்குத் தெரியாது. கடைக்காரரின் வாதம் இதை வைத்துத்தான்: "பார்த்தீங்களா, அந்த இயர்போன்ல வரலையே!" வராதுதான். மங்கலான கண்ணாடியில் முகத்துப் பருவும் தெரியாது. அதற்காகத் தெளிவான கண்ணாடியில்தான் பரு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கொஞ்சம் மின்சாரத்தில் நிறையச் சத்தம் தருவது ஒரு திறமை, குறை இல்லை. இந்த வகை இயர்போன்களில் பலவற்றில் இருக்கும் பேலன்ஸ்டு ஆர்மெச்சர் என்ற குட்டி ஸ்பீக்கர் காது கேட்கும் கருவிகளுக்காக வளர்ந்தது. பட்டாணி அளவு பேட்டரியில் நாள் கணக்கில் ஓட வேண்டிய கட்டாயம் அதற்கு. சிக்கனமாக வேலை செய்பவனைப் பார்த்து "நீ அதிகம் கேட்கிறாய்" என்று திட்டுவது என்ன நியாயம்?

மூன்றாவது பதில்தான் பர்ஸுக்கு வைக்கிற வேட்டு. "பவர்ஃபுல் பிளேயர்." மேலே சொன்ன இயர்போனில் 70 டெசிபலுக்கு எவ்வளவு பவர் வேண்டும்? ஒரு மில்லிவாட்டுக்கு 110 என்றால், 40 டெசிபல் குறைக்க அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். 0.1 மைக்ரோவாட். 500 மில்லிவாட் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் பிளேயர் தருவது அதைப்போல் 50 லட்சம் மடங்கு. கிணற்றடியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டவனுக்குத் தீயணைப்பு வண்டி அனுப்புவது போல. அந்த வண்டியின் குழாய் மூடியிருக்கும்போதும் சொட்டும், அதுதான் உஸ்.

300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவருக்குப் பெரிய வோல்ட்டேஜ் தேவை, உண்மை. அதற்காக எல்லோர் தலையிலும் அதைக் கட்டுவானேன்? ஆம்ப்ளிஃபிகேஷன் கூடினால் இரைச்சலும் கூடும் என்பது பாலபாடம். லோ-கெயின் ஸ்விட்ச் இருந்தால், அது நிஜமாகவே இரைச்சலைக் குறைக்கிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். சிலவற்றில் அந்த ஸ்விட்ச் வெறும் வால்யூமை மட்டும் குறைக்கும். 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளையும் இதற்கு மருந்து ஆகாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு ஆம்ப்ளிஃபயர் சேர்வதால், இரண்டும் ஒரே மாதிரியானவை என்றால் இரைச்சல் 3 டெசிபல் கூடத்தான் செய்யும்.

கடைசியாக, "இயற்கை". இதற்கும் நேர்மையாகப் பதில் சொல்லலாம். எந்த ரெசிஸ்டரும் வெப்பத்தால் இரைச்சல் போடும். பெல் லேப்ஸில் ஜான்சன் அளந்ததும் நைக்விஸ்ட் கணக்குப் போட்டதும் 1928-லேயே அச்சாகிவிட்டன. அந்தக் கணக்கின்படி ஒரு 1000 ஓம் ரெசிஸ்டர், அறை வெப்பத்தில், காதுக்குக் கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் போடும் இரைச்சல் சுமார் 0.6 மைக்ரோவோல்ட். இயற்கை கேட்கும் வாடகை அவ்வளவுதான். பாக்கி இரைச்சலை இயற்கையின் கணக்கில் எழுதுவது அநியாயம். அது டிசைன் மேஜையில் எடுத்த முடிவு. ஃபியோ போன்ற சில கம்பெனிகள் தங்கள் இணையப் பக்கங்களில் இரைச்சலை மைக்ரோவோல்ட்டிலேயே போடுகின்றன. முடியாத காரியம் இல்லை என்பதற்கு அது போதும்.

கேசட் காலத்தில் இதே வியாதிக்கு யாரும் இயற்கை என்று பெயர் வைக்கவில்லை. ரே டோல்பி 1963 முதல் 1965 வரை ஐ.நா. ஆலோசகராக இருந்தது இந்தியாவில்தான். இங்கிருந்து போன கையோடு 1965-ல் லண்டனில் கம்பெனி ஆரம்பித்தார். அவருடைய டோல்பி-பி கேசட்டின் உஸ்ஸை உச்ச ஸ்தாயியில் சுமார் 10 டெசிபல் குறைத்தது. வியாதியை ஒத்துக்கொண்டு, டெக்கின் முகப்பிலேயே அதற்கு ஒரு பட்டனும் வைத்தார்கள். இன்று பட்டனும் இல்லை, ஒத்துக்கொள்வதும் இல்லை.

"சின்ன உஸ்ஸுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உஸ் கேட்கும்போது பெரும்பாலானோர் செய்வது ஒன்றே ஒன்று: பாட்டைக் கூட்டி அதை மூழ்கடிப்பது. கொஞ்ச நாளில் அந்த அளவு பழகிவிடும், அடுத்த நாள் ரயிலில் இன்னும் கொஞ்சம் கூடும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.டி.யு.வும் சேர்ந்து வைத்த அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம். 2 வோல்ட் தள்ளக்கூடிய பிளேயர் மேலே சொன்ன இயர்போனில் 134 டெசிபல் வரை போகும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற ஒருவருக்கு ராத்திரி அரை மணி நேரம் மெல்லிசாகப் பாட்டு கேட்பதுதான் ஓய்வு. தம்புராவின் கடைசி ரீங்காரம் அடங்குகிற இடத்தில் குக்கர் சத்தம் கேட்டால் அது ஓய்வாக இருக்குமா?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை இவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்கிறது. வீரியத்தைப் பெட்டி நிறைய எழுதுகிறார்கள். தூய்மையைத்தான் எழுதுவதில்லை. பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் உலகத்துக்கே போன் பூட்டி அனுப்புகிற ஊர்க்காரர்களுக்கு, ஒரு பெட்டியில் மைக்ரோவோல்ட் என்று ஒரே ஒரு நம்பர் கேட்க உரிமை இல்லையா?

அந்த நம்பர் வரும் வரை கையில் இருக்கிற வழிகள் சில. வாங்கும் முன் சொந்த இயர்போனைக் கொண்டுபோய், கடையின் அமைதியான மூலையில், பாட்டு ஓடும்போது வால்யூமைச் சைபருக்கு இறக்கிக் கேட்பது. ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், நடுவில் ஒரு வோல்ட்டேஜ் டிவைடர் வகை அட்டெனுவேட்டர் போடுவது. அது 20 டெசிபல் குறைத்தால் 10 மைக்ரோவோல்ட் 1 ஆகும். குறைந்த பாட்டை வால்யூமில் ஏற்றிக்கொள்ளலாம். வெறும் ரெசிஸ்டரை வரிசையில் கோக்கும் மலிவு அடாப்டர் வேண்டாம். உஸ்ஸைக் குறைக்கும்தான், ஆனால் பல டிரைவர் உள்ள இயர்போனில் பாஸும் டிரெபிளும் இடம் மாறி, பாட்டே வேறு பாட்டாகிவிடும்.

அந்த அட்டெனுவேட்டருக்கும் காசு வாங்குபவனின் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. பிளேயர் செய்தவன் விட்ட ஓட்டையை அடைக்க, கேட்கிறவன் தனியாக ஒரு மூடி வாங்குகிறான். அதனால் இனிமேல் கடையில் "இயர்போன் சென்சிடிவ் தம்பி" என்று யாராவது சொன்னால், மரியாதையாகவே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "சரிண்ணே, உங்க பிளேயர் எத்தனை மைக்ரோவோல்ட்?"

பதில் வரவில்லை என்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த லோக்கலைப் பிடிக்கலாம்.