பழைய பிக்கப் வாங்குகிறீர்களா? சுமை ஏற்றவா, டிரெய்லர் இழுக்கவா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டருக்கு 12-லிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயருக்கு 18-லிருந்து 5 சதவீதமாகவும் இறங்கியது. புது வண்டி வாங்குவோருக்கு இது நல்ல செய்தி. பழைய டீசல் பிக்கப் வாங்க நினைத்திருக்கும் விவசாயிகளும் இதுவரை போட்டு வைத்திருந்த கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

காய்கறி, பூ, வாழைத்தார், தேங்காய் என்று விளைந்ததை மண்டிக்கோ உழவர் சந்தைக்கோ கொண்டுபோக வாடகை வண்டிக்குக் காத்திருந்து அலுத்தவர்கள்தான் பெரும்பாலும் பழைய பிக்கப்பைத் தேடுகிறார்கள். அவர்களில் சிலர் கூடவே இன்னொன்றும் நினைக்கிறார்கள். பின்னால் ஒரு கொக்கி வைத்துவிட்டால் டிரெய்லரை இழுக்கலாம், தண்ணீர் டேங்கரை இழுக்கலாம், டிராக்டர் இல்லாமலே சமாளித்துவிடலாம் என்பது அந்த எண்ணம். சுமை ஏற்ற வாங்குவது லாபமாக அமையலாம். இழுக்க வாங்குவதில்தான் பணத்துக்கும் உயிருக்கும் ஆபத்து இருக்கிறது.

விலை எவ்வளவு இறங்க வேண்டும்?

வரிக்கு முன் 7 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 28 சதவீத வரியோடு அது 8,96,000 ரூபாய். 18 சதவீத வரியோடு 8,26,000 ரூபாய். குறைந்தது 70,000 ரூபாய். ஏறக்குறைய 8 சதவீதம். புது வண்டி இவ்வளவு இறங்கும்போது, அதே மாடலில் இரண்டு மூன்று ஆண்டு ஓடிய வண்டியும் அந்த அளவுக்கு இறங்குவதுதான் நியாயம். 5 லட்சம் கேட்கும் இடத்தில் சுமார் 40,000 ரூபாய்க்குப் பேரம் பேச உங்களுக்குக் காரணம் இருக்கிறது. அந்த வண்டியின் இன்றைய புது விலையைத் தெரிந்துகொள்ளாமல் பழையதற்கு விலை பேசாதீர்கள்.

'பழைய வண்டிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி' என்று 2025 ஜனவரியில் வந்த மாற்றத்தைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரிக்கு, அவர் வாங்கி விற்கும் விலை வித்தியாசத்தின் மீது மட்டுமே அந்த வரி. 4 லட்சத்துக்கு வாங்கி 4,50,000-க்கு விற்றால், 50,000 ரூபாய்க்கு 18 சதவீதம், அதாவது 9,000 ரூபாய். முழு விலைக்கும் வரி என்று 81,000 ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள். தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியை ஒரு விவசாயி உங்களுக்கு நேரடியாக விற்றால் இந்த வரியே கிடையாது.

'10 ஆண்டு ஆன டீசல் வண்டி இனி ஓடாது' என்பது இன்னொரு பேச்சு. அந்தக் கட்டுப்பாடு டெல்லி தலைநகரப் பகுதிக்கானது. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்தது. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. அங்கிருந்து மலிவாக வரும் வண்டி என்று யாராவது சொன்னால், தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, புதிதாகக் கட்ட வேண்டிய சாலை வரி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மலிவு அதிலேயே கரைந்துபோகலாம். இங்கே உள்ள வண்டிக்கும் வயது முக்கியம். சரக்கு வாகனத்துக்கு முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்சி, அதன்பின் ஆண்டுதோறும். 10 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு எஃப்சி சோதனைக் கட்டணத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் படிப்படியாகக் கூடும்படி மாற்றி அறிவித்தது. நீங்கள் பார்க்கும் வண்டியின் வயதுக்கு என்ன கட்டணம் என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விலை பேசுங்கள்.

சுமப்பது வேறு, இழுப்பது வேறு

தட்டில் ஏற்றும் சுமை வண்டியின் சக்கரத்தை மண்ணோடு அழுத்துகிறது. அதனால் பிடிப்பு கிடைக்கிறது, பிரேக்கும் பிடிக்கிறது. டிரெய்லரில் இருக்கும் சுமை அப்படியல்ல. புறப்படும்போது பின்னுக்கு இழுக்கிறது; நிறுத்தும்போது முன்னுக்குத் தள்ளுகிறது. பல பிக்கப்களில் தட்டில் இருக்கும் சுமைக்கு ஏற்றபடி பின்சக்கர பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். தட்டு காலியாக இருந்தால் அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்த நேரத்தில் பிரேக் இல்லாத இரண்டு டன் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளினால், வண்டி குறுக்கே மடங்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் ஆற்றல் நான்கு மடங்காகும். டிராக்டருக்குப் பின்னால் 20 கிலோமீட்டர் வேகத்தில் அடக்கமாக வரும் டிரெய்லர், பிக்கப்புக்குப் பின்னால் 40 கிலோமீட்டரில் வரும்போது அடங்காது.

இழுக்கத் தேவைப்படும் விசையையும் பாருங்கள். சமமான தார்ச் சாலையில் இரண்டு டன் டிரெய்லரை உருட்ட அதன் எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது 40 கிலோ விசை போதும். உழுத வயலில் அதுவே 15 சதவீதம், 300 கிலோ வரை போகலாம். பத்து அடிக்கு ஓர் அடி ஏறும் மேட்டில் இன்னொரு 200 கிலோ சேரும். டிராக்டரின் எடையில் பெரும்பகுதி இழுக்கும் சக்கரத்தின் மேல் இருக்கிறது. மெதுவாக நகர அதற்கென்றே கியர்கள் இருக்கின்றன. பிக்கப்பின் முதல் கியர் அதன் சொந்தச் சுமைக்கு அமைக்கப்பட்டது. கூடுதல் இழுவையை கிளட்ச்தான் தாங்க வேண்டும். சில மாதங்களில் கிளட்ச் தேயும், பிறகு கியர் பாக்ஸ், கிரௌன் என்று செலவு தொடரும்.

அமெரிக்கப் பண்ணைகளில் பிக்கப் வண்டிகள் பெரிய டிரெய்லர்களை இழுக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எவ்வளவு எடை இழுக்கலாம் என்று தயாரிப்பாளரே ஒவ்வொரு மாடலுக்கும் அறிவிக்கிறார். பல மாநிலங்களில் சுமார் 1,360 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கொக்கியின் மீது டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் அமரும்படி சுமையை அடுக்குகிறார்கள். இவை எதுவும் இல்லாமல் இங்கே வெல்டிங் பட்டறையில் ஒரு கொக்கியைப் பற்றவைத்து இழுப்பது அதே வேலை ஆகாது. பற்றவைத்த சூட்டில் சேசிஸ் இரும்பு அந்த இடத்தில் வலுவிழந்து, நாளடைவில் விரிசல் விடலாம். வண்டியோடு வரும் கொக்கி, சேற்றில் சிக்கினால் வெளியே எடுப்பதற்கானது. கையேட்டில் இழுவை எடை குறிப்பிடவில்லை என்றால், அது டிரெய்லர் இழுக்கும் வண்டி அல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வயலுக்குள் இறக்க வேண்டாம்

உழவியல் நோக்கில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒரு டயர் மேல்மண்ணை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அந்த டயரில் உள்ள காற்றழுத்தத்துக்குச் சமம். வயலில் ஓடும் டிராக்டரின் பின் டயரில் சுமார் 15 பிஎஸ்ஐ காற்று இருக்கும். சுமை ஏற்றிய பிக்கப்பின் பின் டயரில் 50 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். ஈரமான கரிசல் வயலில் அதை இறக்கினால் சக்கரத் தடத்தில் மண் இறுகிவிடும். அடுத்த பயிரின் வேர் அங்கே இறங்காது, தண்ணீர் தேங்கும், அந்த வரிசை மட்டும் வெளிறி நிற்கும். மழைக்குப் பிறகு அரை அடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகப் பிடிபட்டு, விரலால் தட்டினாலும் உதிராவிட்டால் எந்த வண்டியையும் உள்ளே விடாதீர்கள். விளைபொருளை வரப்போரம் சேர்த்து, வண்டியைப் பாதையிலேயே நிறுத்தி ஏற்றுங்கள்.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும். இல்லையென்றால் விபத்தில் இழப்பீட்டை உங்கள் தலையில் கட்டிவிட்டு இன்சூரன்ஸ் நிறுவனம் ஒதுங்க வழி கிடைத்துவிடும். சுமையேற்றும் அளவைத் தாண்டினால் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். அதற்குமேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களைத் தட்டில் ஏற்றிக்கொண்டு போவது நம் ஊர்களில் வழக்கம். சரக்கு வண்டியில் பொருளின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ போகலாம். மற்றவர்களை ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை. கூலிக்கு வந்த குடும்பமும் சிதையும், வண்டிக்காரர் நிலமும் போகும். இதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் நிம்மதியான செய்தி உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை. ஆர்சியில் மொத்த எடை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காலத்து டீசல்?

2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தது. பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிந்து தீர, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சற்று வேகமாக ஓட வேண்டும். தினமும் தோட்டத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தூரத்து மண்டிக்கு மட்டும் போய் வந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றுவது பெரிய செலவு. உங்கள் ஓட்டம் குறைந்த தூரம் என்றால், நன்றாகப் பராமரித்த பிஎஸ்-4 வண்டி பொருத்தமாக இருக்கலாம். எதுவானாலும் கேனில் வாங்கிவைத்த அழுக்கு டீசலை ஊற்றாதீர்கள். இந்த வண்டிகளின் இன்ஜெக்டர் அதைத் தாங்காது. எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிய கவலை டீசல் வண்டிக்குக் கிடையாது.

பார்க்கப் போகும் நாளில்

- அதிகாலையில் போங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தொடர்ந்து நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் தண்ணீர் கசிவைச் சந்தேகியுங்கள்.
- ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளிருந்து காற்று குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். மூடியின் அடியில் பால்நிறப் படிவு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.
- வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சேசிஸில் வெல்டிங் தடம், புதிதாக அடித்த பெயின்ட், கூடுதலாகச் செருகிய ஸ்பிரிங் பட்டை ஆகியவை அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி என்று சொல்லும். பின்பக்கம் கொக்கி வைத்த தடம் தெரிந்தால் கிளட்ச், கியர் பாக்ஸ், கிரௌன் மூன்றையும் கூடுதல் கவனத்தோடு சோதியுங்கள்.
- ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது.
- டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு.
- சீட்டுக்கு அடியிலும் ஒயர் இணைப்புகளிலும் வண்டல் மண், துரு இருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் தூத்துக்குடி, நெல்லைப் பகுதியிலும் பல வண்டிகள் மூழ்கின.

தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உடன் அழைத்துப் போங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

காகிதம் முடியாமல் பணம் முடிக்காதீர்கள்

ஃபைனான்ஸ் கடன் தீர்ந்து ஆர்சியில் அந்தப் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, வரியும் அபராதமும் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். இன்ஜின், சேசிஸ் எண்களை ஆர்சியோடு ஒப்பிடுங்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கியதோடு நிற்காமல், பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள், இன்சூரன்ஸையும் மாற்றுங்கள். விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை?

கடைசியாக இந்தக் கணக்கு. உதாரணத்துக்கு, 4,50,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்து ஆண்டு கழித்து 2 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குத் தேய்மானம் 50,000. முதலுக்கு 10 சதவீத வட்டி, சராசரியாக 32,500. இன்சூரன்ஸ், வரி, எஃப்சி 40,000. டயரும் ரிப்பேரும் 35,000. ஆக மொத்தம் 1,57,500 ரூபாய்; டீசலும் டிரைவர் கூலியும் தனி. ஆண்டுக்கு 100 நாள் ஓடினால் நாளுக்கு 1,575 ரூபாய். 200 நாள் ஓடினால் சுமார் 790 ரூபாய். உங்கள் ஊர் எண்களைப் போட்டு, டீசலையும் கூலியையும் சேர்த்து, வாடகையோடு ஒப்பிடுங்கள். நெல்லும் கடலையும் மட்டும் போடுபவருக்கு 100 நாள் வேலையே இருக்காது. அவருக்கு வாடகை வண்டிதான் லாபம். தினமும் பூவோ கீரையோ பாலோ அனுப்புபவருக்குச் சொந்த வண்டி கட்டுப்படியாகும். இழுவை வேலை ஆண்டில் சில நாள்தான் என்றால், வேளாண் பொறியியல் துறையிலோ ஊரில் டிராக்டர் வைத்திருப்பவரிடமோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்கள் இந்தக் கணக்கை உழவர் உற்பத்தியாளர் குழுக் கூட்டங்களில் போட்டுக் காட்டலாம். ஐந்தாறு பேர் தனித்தனியாகக் கடன் வாங்கி நிறுத்தி வைக்கும் வண்டிகளுக்குப் பதில், குழுவுக்கு ஒரே வண்டி ஆண்டில் 250 நாள் ஓடுமானால் எல்லோருக்கும் செலவு குறையும். முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் வேலை நாட்களை எண்ணிப் பாருங்கள்.