80 அடிக்குக் கீழே



பட்டு நூலைப் பசை நீங்க வேகவைப்பதற்கும், சாயமேற்றிய பின் அலசுவதற்கும் எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்பதை நெசவாளர் வீடுகளில் கேட்டால் தெரியும். ஆகவே எங்கள் சேவூரில் கிணற்றைப் பற்றிய பேச்சு எப்போதும் சற்றுச் சூடாகவே இருக்கும். கடந்த கோடையில் பள்ளிவாசலின் ஆழ்துளைக் கிணறு நின்றுபோயிற்று. இன்னும் 200 அடி இறக்கலாம் என்றனர் ஜமாஅத்தில் ஒரு சாரார். இறக்கினால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றிவிடும் என்றனர் மறு சாரார். முடிவு காணாமலேயே கூட்டம் கலைந்தது.

அந்த வழக்கை மனத்தில் சுமந்தபடிதான் போபால் இஜ்திமாவுக்குச் சென்றேன். திரும்பும்போது, உடன் வந்த நண்பரின் வற்புறுத்தலால் வழி மாறிப் புர்ஹான்பூரில் இறங்கினோம். தப்தி நதிக்கரையில் உள்ள ஊர். ஷாஜஹானின் மனைவி மும்தாஜ் மஹல் 1631இல் உயிர் நீத்தது இங்கேதான். தெருவுக்குத் தெரு விசைத்தறிகளின் ஓசை. கைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த என் காதுக்கு அது உறவினர் குரல்போலவே பட்டது. சற்று உரத்துப் பேசும் உறவினர்!

நண்பர் அழைத்துச் சென்ற இடம் ஊருக்கு வெளியே உள்ள கூனீ பண்டாரா. வெளியில் பார்த்தால் வட்டக் கிணறுகள் வரிசையாகத் தெரிகின்றன, அவ்வளவே. அவற்றுள் ஒன்றில் இரும்புக் கூண்டில் ஏற்றி எங்களைக் கீழே இறக்கினார்கள். சுமார் 80 அடி. அடியில், மலையைக் குடைந்த சுரங்கம். தெளிந்த நீர் காலைத் தழுவி ஓடுகிறது. சுவரெங்கும் சுண்ணாம்புப் படிவு படர்ந்து, சலவைக்கல் பதித்ததுபோல் வெளுத்திருக்கிறது. "தலையைக் குனியுங்கள், மௌலானா" என்று வழிகாட்டி எச்சரித்தபடியே முன்னால் நடந்தார். சற்றுத் தொலைவுக்கு ஒருமுறை மேலே வட்டமாக வானம் தெரியும், மறுபடி இருள்.

சாத்பூரா மலையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்கித் தப்தியை நோக்கிக் கசிகிறது. அந்தக் கசிவை வழிமறித்து, மென்சரிவான சுரங்கத்தில் சேர்த்து, ஊர்வரை கொண்டு வந்திருக்கிறார்கள். இறைக்கும் எந்திரம் எதுவுமில்லை. வெயில் குடிக்கவும் வழியில்லை. நூற்றுக்கு மேற்பட்ட அந்தக் கிணறுகள், தோண்டிய மண்ணை வெளியேற்றவும் காற்று வரவும் அமைந்தவை. அப்துர் ரஹீம் கானே கானான் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, 1615இல், பாரசீக அறிஞர் தபகாத்துல் அர்ள் இதை அமைத்தார். 'பூமியின் அடுக்குகள்' என்பது அப்பெயரின் பொருள். பட்டப்பெயராகவே இருக்க வேண்டும் என்று அரபி கற்பிக்கும் எனக்குத் தோன்றுகிறது. பாரசீகத்தில் இத்தொழிலாளரை முகன்னி என்பர். விளக்குகளை வரிசையில் வைத்து அவற்றின் ஒளியில் நேர்கோடு பிடித்துத் தோண்டுவார்கள். சுடர் மங்கினால் காற்று கெட்டது என்று அறிந்து வெளியேறுவார்கள். புர்ஹான்பூரில் தோண்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு எட்டவில்லை.

இத்தகைய கால்வாய்களுக்குக் கனாத் என்று பெயர். ஈரானின் 11 கனாத்துகளை 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2024இல் புர்ஹான்பூரும் அதன் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. பீதரிலும் உண்டு, ஔரங்காபாத்தில் மாலிக் அம்பர் அமைத்ததும் உண்டு. நம் பாலாறு, செய்யாற்று மணலில் முன்னோர் வெட்டிய ஊற்றுக்கால்களும் திறந்த வெளியில் இதே வேலையைத்தான் செய்தன.

கனாத் ஊறுவதை மட்டுமே தரும். ஒருவர் அவசரப்பட்டு நாளைய நீரை இன்றே எடுத்துவிட முடியாது. ஆழ்துளைக் கிணற்றுக்கு அந்தக் கூச்சம் இல்லை. ஈரானில் அவை பெருகிய பின் எத்தனையோ கனாத்துகள் வறண்டன. புர்ஹான்பூரிலும் இருந்த 8 அமைப்புகளில் சில அழிந்துவிட்டன. மேலே வந்து பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை வாழைத் தோட்டங்கள். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்களும் 200 அடிக்குக் கணக்குப் போட்டவர்கள்தாமே.

ஊர் திரும்பி ஜமாஅத்தில் இதையெல்லாம் சொன்னேன். பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி ஹஜ்ரத், ஒளுவுக்குத் தண்ணீர்?" என்றார். நியாயமான கேள்வி. பள்ளிவாசலின் பின்புறம், குப்பை கொட்டித் தூர்ந்துபோன பழைய கிணறு ஒன்று உண்டு. அதைத் தூர்வாரி, மாடியில் விழும் மழையை அதற்குள் இறக்கிப் பார்ப்பது, ஒரு மழைக்காலம் வரை துளையை ஆழப்படுத்துவதில்லை என்று முடிவாயிற்று. எல்லாருக்கும் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதுவரை ஒன்பது வண்டி மண் வெளியே வந்திருக்கிறது. நேற்று அஸருக்குப் பின் எட்டிப் பார்த்தேன். அடி மண் ஈரமாக இருந்தது.