பசுமைச் சான்றிதழுக்குக் கீழே ஒரு தொட்டி

ஓ.எம்.ஆரில் உள்ள ஓர் அலுவலக வளாகத்தின் பராமரிப்புப் பிரிவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். கட்டடம் கட்டி, அதைத் தளம் தளமாக ஐ.டி. கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் ரியல் எஸ்டேட் நிறுவனம் அது. பெயர் தேவையில்லை. நான் சொல்லப்போவது அந்த ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. ஆண்டுதோறும் வெளியாகும் 'நிலைத்தன்மை அறிக்கை'க்குக் கணக்கு சேகரித்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. எத்தனை யூனிட் மின்சாரம் மிச்சமானது, எத்தனை லிட்டர் கழிவுநீர் சுத்தமாகித் தோட்டத்துக்குப் போனது, எத்தனை மரம் நடப்பட்டது என்ற கணக்கு.

ஒருநாள் மாலை, எஸ்.டி.பி. என்று எல்லோரும் சொல்லும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் என் மேசைக்கு வந்தார். என்னைப் போலவே கண்ணகி நகர்க்காரர். எங்கள் பிளாக்குக்கு அடுத்த பிளாக்.

"தம்பி, டேங்க்ல மோட்டாரு அடைச்சிக்கிச்சு. நாளைக்கு சர்டிபிகேட்டுக்கு ஆளுங்க வராங்களாம். இன்னிக்கு நைட்டே எறங்கி எடுக்கச் சொல்றாரு காண்ட்ராக்டரு. டார்ச் இருந்தா குடேன்."

டார்ச்சைக் கொடுத்தேன். "எறங்காதீங்கண்ணே" என்று சொல்லவில்லை.

அன்றிரவு இறங்கியவருக்குப் பாதியில் தலை சுற்றியது. மேலே நின்றவர் கயிற்றைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். மறுநாள் ஆய்வுக்கு வந்தவர்கள் புல்வெளியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டு அறிக்கையில் 'பணியிட விபத்துகள்' என்ற கட்டத்தில் என் கையால் பூஜ்ஜியம் என்று எழுதினேன். அவர் எங்கள் ஊழியர் இல்லை, காண்ட்ராக்டரின் ஆள் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட காரணம்.

இந்தக் கட்டுரை அந்தப் பூஜ்ஜியத்தைப் பற்றியது.

பசுமைக் கட்டடம் என்பதே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க மழைக்காலத்தில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பது கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் தெரியும். நீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் கட்டடம் மற்றவர்களைவிட எங்களுக்குத்தான் அவசியம். லீட், ஐ.ஜி.பி.சி. போன்ற தரச்சான்றுகளில் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தினால் புள்ளிகள் கிடைக்கும். நல்ல விஷயம். ஆனால் அந்தப் புள்ளிகளை யாருடைய உடம்பைக் கொண்டு வாங்குகிறார்கள்?

தொட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கழிப்பறைகளிலிருந்து வருவதெல்லாம் முதலில் சேகரிப்புத் தொட்டியில் விழும். உள்ளே மூழ்கியிருக்கும் மோட்டார் அதை மேலே ஏற்றும். துணியோ நாப்கினோ சிக்கினால் மோட்டார் நின்றுவிடும். அடியில் சேறு படியும், அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். குறைந்த அளவில் அது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி மனிதர் இன்னும் ஒரு படி கீழே இறங்குவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் பலி என்று செய்தி வருவது இப்படித்தான்.

மாற்று இருக்கிறது. அது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பல்ல. மோட்டாரை இரண்டு கம்பிகளுக்கிடையில் பொருத்தினால் சங்கிலியால் மேலே இழுத்துப் பழுது பார்க்கலாம். தொட்டிக்கு முன்னால் இயந்திரச் சல்லடை வைத்தால் துணி உள்ளே போகாது. ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும்படி இரண்டு மோட்டார்கள் வைக்கலாம். உறிஞ்சும் லாரி வந்து நிற்க இடம் இருந்தால் சேற்றைக் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம்.

எங்கள் கட்டடத்தில் லாரி வர முடியாது. தொட்டி இரண்டாவது பேஸ்மென்டில், கார் இறங்கும் சரிவுக்குக் கீழே இருந்தது. லாரி நுழைய உயரம் போதாது. தொட்டியைத் தரைமட்டத்தில் வைத்தால் வாடகைக்கு விடும் சதுர அடி குறையும், பார்க்கிங் குறையும். தொட்டியின் வாயோ சரியாக ஒரு மனித உடம்பு நுழையும் அளவு. முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே, வரைபடத்திலேயே ஒருவர் இறங்குவார் என்று முடிவாகிவிட்டது. யார் இறங்குவார் என்று அதில் எழுத வேண்டியிருக்கவில்லை. அதைச் சாதி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. இறங்குவதற்கென்றே ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைக்காத சமூகத்தில் எந்தப் பொறியாளரும் இப்படி வரையத் துணியமாட்டார்.

'எங்கள் ஊழியர் இல்லை' என்ற சாக்கு சட்டத்தின் முன் நிற்காது. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், கழிவுநீர்க் கால்வாயிலோ மலக்குழியிலோ அபாயகரமான வேலைக்கு யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினாலே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. ஆனால் பிழைத்து வந்தவரின் கதை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எங்கள் அண்ணன் செத்திருந்தால் செய்தியாகியிருப்பார். பிழைத்ததால் பூஜ்ஜியமானார்.

இந்தப் பூஜ்ஜியத்துக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 2022-23 நிதியாண்டு முதல், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள், தங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு குறித்து 'செபி' வகுத்த படிவத்தில் அறிக்கை தர வேண்டும். ஊழியர்களை ஆண், பெண், மாற்றுத்திறனாளி, நிரந்தரமானவர், நிரந்தரமல்லாதவர் என்று பிரித்துக் கேட்கும் அந்த அட்டவணையில் சாதிக்கு ஒரு கட்டம் இல்லை. கேட்காததால் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாததால் 'எங்களிடம் சாதியே இல்லை' என்று மேடையில் பேச முடிகிறது. எங்கள் வளாகத்தில் ஹவுஸ்கீப்பிங் சீருடையில் இருந்த அக்காக்களும் எஸ்.டி.பி. அண்ணன்களும் எந்தெந்தக் குடியிருப்புகளிலிருந்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நிலம் வாங்கும் பிரிவிலும் வாடகை பேசும் பிரிவிலும் அந்த முகவரிகளிலிருந்து ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல், வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் பொத்தான்களைப் பார்த்தாலே அந்த அடுக்கு புரியும்.

ஆற்றங்கரையைச் சீரமைக்கிறோம், சூழலைக் காக்கிறோம் என்று சொல்லி எங்கள் மக்களை நகரத்துக்கு வெளியே கொண்டுவந்து போட்டார்கள். இப்போது அதே சூழலின் பெயரால் தொட்டிக்குள் இறக்குகிறார்கள்.

"மெஷின் வந்தா அவங்க பொழப்பு என்னாவது? இறங்கினா எக்ஸ்ட்ரா காசு கிடைக்குதே?" என்று என் மேலாளர் கேட்டார். முற்போக்காளர்கள் சிலரும் இதையே கவலையாகக் கேட்கிறார்கள். அந்த மெஷினை இயக்கும் வேலையை அதே அண்ணனுக்கு, நிரந்தர ஊழியராக, பி.எஃப்., இ.எஸ்.ஐ.யோடு கொடுங்கள். பிழைப்பைப் பற்றிய அக்கறை உண்மையானது என்றால் இதில் என்ன தடை?

கோரிக்கைகள் எளிமையானவை. மனிதர் இறங்கத் தேவையில்லாத தொட்டியும், லாரி வந்து நிற்கும் வழியும் இல்லாத வணிகக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி தரக் கூடாது. தொட்டிக்குள் ஆள் இறக்கும் கட்டடத்தின் பசுமைச் சான்றிதழை ரத்து செய்ய வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளருக்கு நேரும் விபத்தும் கட்டட உரிமையாளரின் கணக்கில்தான் ஏற வேண்டும். நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்ப்பது போல, அது 1892இல் தொடங்கி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமா என்றும் பார்த்து, அதை அறிக்கையில் வெளியிட வேண்டும்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அப்படிப்பட்ட கட்டடங்களில்தான் வேலை பார்க்கிறீர்கள். உங்கள் கம்பெனி அங்கே வாடகைதாரர். வாடகைதாரர் கேட்டால் உரிமையாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். நாளை அலுவலகம் போனதும் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். நம் கட்டடத்தின் கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? அங்கே லாரி போகுமா? கடைசியாக அதற்குள் இறங்கியவர் யார், அவருக்குச் சம்பளம் தருவது யார்? பதில் வராவிட்டால் அதையே நிறுவனத்தின் பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த மேசைக்காரர்களையும் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த அண்ணன் மறுநாள் டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். நான் தொடத் தயங்குவேன் என்று நினைத்திருக்கிறார். என் பக்கத்து பிளாக்குக்காரர், என் சாதிக்காரர், என்னிடமே. நான் எழுதிய அந்தப் பூஜ்ஜியத்தை இனி நான் திருத்த முடியாது. அடுத்த ஆண்டின் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.