தங்கம் வாங்குகிறவரே, கொஞ்சம் நில்லுங்கள்

நண்பர்களே, அட்சய திருதியைக்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தமில்லை. ஆன்லைன் ரம்மி பற்றியும் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் இன்டர்நெட் வழியாக ஒரே உலகத்துக்குள் சேர்ந்து ஆடுகிறார்களே, அந்த விளையாட்டுகளில் புழங்கும் தங்கம் பற்றியது. கொஞ்சம் நீளம். முழுசாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட், ரூன்ஸ்கேப் போன்ற விளையாட்டுகளில் நீங்கள் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ உள்ளே போகிறீர்கள். பூதத்தைக் கொன்றால் தங்கக் காசு கிடைக்கும். மீன் பிடித்து, சுரங்கம் தோண்டி, அதை மற்ற ஆட்டக்காரர்களுக்கு விற்றும் சம்பாதிக்கலாம். அந்தக் காசில் வாள், கேடயம், குதிரை வாங்கலாம். சந்தை உண்டு, விலை ஏற்ற இறக்கம் உண்டு. 2001-லேயே எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர், எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டை ஒரு நாடாக வைத்துக் கணக்குப் போட்டார். அங்கே ஒருவர் மணிக்குச் சம்பாதிப்பது 3.42 டாலர் என்று வந்தது. தலைக்கு இவ்வளவு உற்பத்தி என்று பார்த்தால், பூமியில் இல்லாத அந்த நாடு ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் நின்றது.

இவ்வளவு மதிப்பு என்றால் வியாபாரி வராமல் இருப்பானா? வந்தான். விளையாட்டுக்குள் தங்கத்தைச் சேர்த்து, வெளியே டாலருக்கு விற்கும் தொழில் தொடங்கியது. சேர்க்க இரண்டு வழி. ஒன்று, கூலிக்கு ஆள் வைத்து ராத்திரி பகலாக ஆட வைப்பது. இன்னொன்று பாட். அதாவது, மனிதன் ஆடுவது போலவே தானாக ஆடும் புரோகிராம். வார்கிராஃப்டுக்காக எழுதப்பட்ட கிளைடர் என்ற ஒரே ஒரு பாட் மட்டும் சுமார் 1,20,000 பேருக்கு விற்றிருந்தது என்று அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் நிறைய. என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் பொருளாதாரம் படித்த பையன், இப்போது ஐ.டி. கம்பெனியில் நல்ல சம்பளம், என் பாடத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னான். "சார், என்கிட்ட காசு இருக்கு, நேரம் இல்ல. அவன்கிட்ட நேரம் இருக்கு, காசு இல்ல. ரெண்டு பேரும் சம்மதிச்சு மாத்திக்கிறோம். யாருக்கு சார் நஷ்டம்?"

நல்ல கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதல் நஷ்டம், இந்தப் பேரத்தில் இல்லாத மூன்றாவது ஆளுக்கு. நாம் எல்லோரும் பள்ளியில் போட்ட தொட்டிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் நிரப்பும், ஒரு குழாய் காலி செய்யும். விளையாட்டில் பூதம் செத்தால் தங்கம் சூனியத்திலிருந்து பிறக்கிறது. அது நிரப்பும் குழாய். ஆயுதம் பழுது பார்க்கும் செலவு, சந்தைக் கட்டணம் இவையெல்லாம் காலி செய்யும் குழாய். சாப்பிட்டுத் தூங்கிப் பள்ளிக்கூடம் போய் வந்து ஆடுகிற மனிதர்களை மனதில் வைத்துத்தான் இரண்டின் அளவையும் வைத்திருப்பார்கள். பாட் தூங்காது. 24 மணி நேரமும் வெட்டிக்கொண்டே இருக்கும். ஆயிரம் பாட் சேர்ந்தால் தொட்டி வழியும். தங்கத்துக்கு மதிப்புப் போகும், நல்ல வாளின் விலை எகிறும்.

அதே சமயம் பாட் பிடித்த மீனும் தோண்டிய தாதுவும் சந்தையில் கொட்டிக் கிடக்கும், விலை விழும். காசு கொடுக்காமல் நேர்மையாக ஆடும் பையன் மீன் பிடித்துத்தான் வாள் வாங்க வேண்டும். அவன் விற்கும் மீன் மலிவாகிவிட்டது, வாங்க வேண்டிய வாள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. நம்மூர் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தக்காளி விற்கும் விலையும் உரம் வாங்கும் விலையும் அவருக்குத் தெரியும். ஒரு வாரத்தில் கிடைக்க வேண்டியது ஒரு மாதம் ஆகும்போது அந்தப் பையன் என்ன செய்வான்? விளையாட்டை விடுவான். இல்லாவிட்டால் அவனும் தங்கம் வாங்கப் போவான். இப்படித்தான் இந்தச் சந்தை தனக்கு வேண்டிய ஆளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

இரண்டாவது, அந்தச் "சம்மதம்" என்ற வார்த்தை. 2007-ல் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஜூலியன் டிபெல் எழுதிய கட்டுரையில் சீனாவின் நான்ஜிங் நகரத்துத் தங்கக் கூலிகள் வருகிறார்கள். இரவுக்கு 12 மணி நேரம் வேலை, வாரத்தில் ஏழு இரவும். மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் விடுப்பு. 100 தங்கக் காசு சேர்த்தால் தொழிலாளிக்கு 10 யுவான், அப்போதைய மதிப்பில் சுமார் 1.25 டாலர். முதலாளிக்கு 3 டாலர் அல்லது அதற்கு மேல். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் ஆட்டக்காரர் அதே காசுக்கு 20 டாலர் வரை கொடுக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்குகிறவர் கொடுக்கும் 100 ரூபாயில் ஆறேகால் ரூபாய் உழைத்தவனுக்கு. மிச்சம் நடுவில் நிற்பவர்களுக்கு.

நடுவில் நிற்பவர்கள் யார்? சந்தில் கடை போட்டவர்கள் என்று நினைக்காதீர்கள். ஐ.ஜி.இ. என்ற தங்க வியாபாரக் கம்பெனியில் 2006-ல் கோல்ட்மேன் சாக்ஸ் உள்ளிட்டோர் 6 கோடி டாலர் முதலீடு செய்தார்கள். அதை ஏற்பாடு செய்ய உதவியவர் ஸ்டீவ் பானன். பின்னால் டிரம்புக்கு ஆலோசகராக வெள்ளை மாளிகையில் உட்கார்ந்தாரே, அவரேதான்.

இன்னும் கீழே போவோம். 2011-ல் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை, சீனாவின் ஜிக்ஸி தொழிலாளர் முகாமில் கைதியாக இருந்த ஒருவரின் வாக்குமூலத்தை வெளியிட்டது. பகலில் கல்லுடைத்து, பள்ளம் தோண்டி, இரவில் விளையாட்டில் தங்கம் சேர்க்க வேண்டும். சொன்ன அளவு சேரவில்லை என்றால் பிளாஸ்டிக் குழாயால் அடி. அந்தக் கைதி யாரிடம் சம்மதம் சொன்னார்? திரையில் மின்னும் காசில் எது கூலிக்காரன் சேர்த்தது, எது கைதி சேர்த்தது, எது பாட் சேர்த்தது என்று முத்திரை குத்தியிருக்காது. திருட்டுக் காசும் அதில் கலந்திருக்கும். யாரோ ஒருவரின் பாஸ்வேர்டைத் திருடி, அவர் வருஷக்கணக்கில் சேர்த்ததைத் துடைத்து எடுத்து விற்பதும் இதே வியாபாரத்தின் ஒரு பிரிவு.

"அப்படியென்றால் ஏழைகள் பிழைப்பைக் கெடுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. வெனிசுலாவில் பணவீக்கம் தலைக்கு மேல் போய், சம்பளப் பணம் காகிதமாகிவிட்ட நாட்களில், அங்குள்ள இளைஞர்கள் ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்த தங்கத்தை விற்று அரிசி பருப்பு வாங்கினார்கள். அவர்களை நோக்கி நான் விரல் நீட்ட மாட்டேன். பசிக்கு உழைத்தவன் குற்றவாளி இல்லை.

ஆனால் மற்ற ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2017-ல், விளையாட்டுக்குள் வெனிசுலாக்காரர்களை எங்கே தேடலாம், எப்படிக் கொல்லலாம் என்று வழிகாட்டிக் குறிப்பே எழுதிப் பரப்பினார்கள். வார்கிராஃப்டிலும் இதே கதைதான். இங்கிலீஷ் சரியாக வராதவன் என்றால் "சீனாக்காரத் தங்க வியாபாரி" என்ற வசை. வாங்குகிறவனை எங்கேயாவது வேட்டையாடினார்களா? அவன் பக்கத்திலேயே, அவர்கள் குழுவிலேயே, பளபளக்கும் வாளோடு நிற்கிறான். அவனுக்கு மரியாதை. கூலிக்கு வெட்டியவனுக்கு வெட்டு. இந்த நியாயம் நமக்குப் பழக்கப்பட்டதுதானே?

இனி கம்பெனிகள். 2008 ஜனவரியில் ரூன்ஸ்கேப் நடத்தும் ஜாகெக்ஸ், ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் விருப்பப்படி பொருள் கொடுப்பதையே கட்டிப்போட்டது. திருட்டு கிரெடிட் கார்டில் சந்தா கட்டித் தங்கம் சேர்ப்பவர்களை ஒழிக்க வேறு வழியில்லை என்றார்கள். நண்பனுக்கு ஒரு கேடயம் சும்மா கொடுக்க முடியாமல் போனது. 2011-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2013-ல் என்ன செய்தார்கள்? பாண்ட் என்று ஒன்றைத் தாங்களே விற்க ஆரம்பித்தார்கள். நிஜப் பணம் கொடுத்து பாண்ட் வாங்கு, அதை உள்ளே தங்கத்துக்கு விற்றுக்கொள். 2015-ல் வார்கிராஃப்டின் பிளிஸார்டும் டோக்கன் என்ற பெயரில் அதையே செய்தது. அமெரிக்காவில் மாதச் சந்தா 15 டாலர். அதே ஒரு மாதத்துக்கான டோக்கன் 20 டாலர். கள்ளச்சாராயத்தை ஒழிக்கிறோம் என்று சொல்லிக் கடையைத் தானே திறந்த கதை நமக்குப் புதுசா என்ன?

நியாயமாகப் பேசுவோம். டோக்கனால் புதுத் தங்கம் பிறப்பதில்லை, ஒரு ஆட்டக்காரர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத்தான் போகிறது. கார்டு திருடனிடம் போய் ஏமாறவும் வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட் ஒழிந்ததா? 2022 மார்ச்சில் லாஸ்ட் ஆர்க் என்ற விளையாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட போலிக் கணக்குகளை நீக்கியதாக அமேசான் அறிவித்தது. டோக்கன் இருக்கும் விளையாட்டிலோ, பாட் தான் அள்ளிய தங்கத்திலேயே டோக்கன் வாங்கித் தன் சந்தாவைக் கட்டிக்கொள்ளலாம். அந்த டோக்கனுக்காக யாரோ கொடுத்த 20 டாலர் கம்பெனிக்கு. திருடன் வாடகை கட்டினால் வீட்டுக்காரருக்கு விரட்ட எவ்வளவு வேகம் வரும்?

பிளிஸார்டுக்கு இது தெரியாததும் இல்லை. 2012-ல் டியாப்ளோ 3 விளையாட்டில் நிஜப் பணத்துக்கு ஏலச் சந்தை திறந்தார்கள், ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் எடுத்தார்கள். 2014 மார்ச்சில் இழுத்து மூடினார்கள். பூதத்தைக் கொன்று பொருள் சேர்ப்பதுதான் ஆட்டம், சந்தை அந்த ஆட்டத்தையே கெடுக்கிறது என்று அவர்களே காரணம் சொன்னார்கள். அதை மூடிய மறு வருஷம்தான் டோக்கன் வந்தது!

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நான் வேலை பார்த்த பள்ளிகளில் கபடி பார்த்திருக்கிறேன். டிராக்டர் வைத்திருப்பவர் மகனும், அவர் வயலில் நாற்று நடுபவர் மகனும் ஒரே கோட்டைத் தாண்டுவார்கள். மூச்சை விட்டவன் வெளியே. அப்பாவிடம் எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் கோடு கேட்காது. ஒரு ஏழைப் பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று வாத்தியார்களுக்குத் தெரியும். விளையாட்டு என்று நாம் பெயர் வைத்திருப்பதே அதற்குத்தான். அந்த ஒரு இடத்தையும் பணப்பைக்குத் திறந்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

அதனால் கம்பெனிகளிடம் நான் கேட்பது: விற்கிற கணக்கை மூடும் அதே நாளில், அவனிடம் வாங்கிய கணக்கையும் மூடுங்கள். யார் யாருக்குக் கொடுத்தது என்பது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. வாங்குகிறவன் உங்கள் வாடிக்கையாளன் என்பதால்தானே கை நடுங்குகிறது?

பெற்றோரிடம்: பிள்ளை செல்போன் விளையாட்டுக்கு டைமண்ட் வேண்டும், யூசி வேண்டும் என்று கேட்டால் திட்டாதீர்கள். "இதை வாங்கினால் நீ நன்றாக ஆடுவாயா, அல்லது நன்றாக ஆடுகிறவன் மாதிரி தெரிவாயா?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் புத்திசாலிகள், பதில் தெரியும்.

தங்கம் வாங்குகிறவர்களிடம் ஒரே கேள்வி. ஆடுவதற்கு நேரமில்லை, அதனால் வேறொருவனை ஆட வைத்துக் காசு கொடுக்கிறேன் என்கிறீர்கள். சரி. உங்களுக்குப் பதிலாக ராத்திரி முழுக்க அவன் செய்தது விளையாட்டா, வேலையா? வேலை என்றால் கூலி ஏன் ஆறேகால் ரூபாய்? விளையாட்டு என்றால் அதை ஏன் அவனிடம் கொடுத்துவிட்டீர்கள்?

பதில் இருப்பவர்கள் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.