ஊகத்தில் விற்கலாகாது அடாப்டரை!

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அமெரிக்காவில் 120. நம் நாட்டில் 230. எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், இசைக்கருவி வணிகத்தில் இருக்கும் நாம் அனைவரும் அறிந்த எண்கள்தாம் இவை. அறிந்திருந்தும், வெளிநாட்டிலிருந்து வந்த கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வரும்போது பல கவுண்டர்களில் நடப்பது என்ன? கைக்கு எட்டிய அடாப்டர் ஒன்றை எடுத்துச் செருகுகிறார்கள். கீபோர்டில் விளக்கு எரிந்தால் பில் போட்டுவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் நம் வணிகத்தின் நற்பெயருக்கு உகந்ததல்ல என்பதே நமது கருத்து.

கீபோர்டை நம்மிடம் கொண்டுவருபவர்கள் யார் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர், தேவாலயத்தில் பாடலுக்கு வாசிப்பவர், வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர். உறவினர் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதாகவோ, பழைய கருவியாகக் கைமாறி வாங்கியதாகவோ அது இருக்கும். பலருக்கு அதுவே பிழைப்பு. சில நூறு ரூபாய் அடாப்டரால் பல்லாயிரம் ரூபாய்க் கருவி கருகிப்போனால், அந்த நட்டத்தை அவர்களால் எளிதில் ஈடுகட்ட முடியாது.

இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. கருவியின் பின்புறமோ அடிப்புறமோ ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் போதும். வருகின்ற கீபோர்டுகளைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கிவிடலாம்.

முதல் வகை, லேபிளில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருப்பவை. இவற்றுக்கு டிரான்ஸ்பார்மரே தேவையில்லை. நம் ஊர் பிளக் பொருத்திய ஒயர் ஒன்றோ, பின் மாற்றி ஒன்றோ போதும். வாடிக்கையாளர் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கேட்டு வந்தாலும், "உங்களுக்கு அது வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவதே முறை. அன்றைக்கு ஒரு விற்பனை குறையலாம். ஆனால் அடுத்த முறை அவர் ஆம்ப்ளிபையர் வாங்கவும் நம் கடையைத் தேடித்தான் வருவார்.

இரண்டாம் வகை, வெளியே தனி அடாப்டரில் ஓடுபவை. கையில் எடுத்துச் செல்லும் கீபோர்டுகளில் பெரும்பாலானவை இவையே. இவற்றில் கருவியை மாற்ற வேண்டியதில்லை. அடாப்டரை மட்டும் 230 வோல்ட்டுக்கு உரியதாக மாற்றினால் போதும். ஆனால் அந்த அடாப்டரில் நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும். ஒன்று, வெளிவரும் வோல்ட்: காசியோவின் பல பழைய மாடல்கள் 9 வோல்ட் கேட்கும், யமஹாவின் பல மாடல்கள் 12 கேட்கும். இரண்டு, ஆம்பியர்: கருவி கேட்கும் அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையலாகாது. மூன்று, ஏ.சி.யா டி.சி.யா என்பது. நான்கு, பிளஸ் நடுவிலா, வெளிவளையத்திலா என்பது.

இந்த நான்காவதில்தான் கருவிகள் அதிகம் பலியாகின்றன. காசியோவின் பழைய 9 வோல்ட் மாடல்களில் நடுவில் மைனஸ். அதே நிறுவனத்தின் பிற்கால 9.5 வோல்ட் அடாப்டர்களில் நடுவில் பிளஸ். ஆகவே 'காசியோ அடாப்டர்' என்று ஒரே பெயரில் விற்கத்தக்க சரக்கு எதுவும் கிடையாது. சாக்கெட் அருகே சிறு வட்டமும் நடுவில் புள்ளியும் வரைந்து, எது பிளஸ் எது மைனஸ் என்று காட்டியிருப்பார்கள். அதைப் பார்க்க அரை நிமிடம் போதும். மாறிப்போனால் சில கருவிகளில் பாதுகாப்பு டயோடு காப்பாற்றும்; அது இல்லாத கருவியில் உள்ளிருக்கும் ஐ.சி.கள் போய்விடும்.

பேட்டரி எலிமினேட்டர் என்று நாம் நெடுங்காலமாக விற்றுவரும் பொருளைப் பற்றியும் ஒரு சொல். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் இல்லாத மலிவான எலிமினேட்டரில் 9 என்று எழுதியிருந்தாலும், சுமை இல்லாதபோது மீட்டரில் 12, 13 வோல்ட் காட்டும். ரேடியோவுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. கீபோர்டுக்கு அதைக் கொடுத்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சலாவது வரும், கருவியாவது கெடும்.

மூன்றாம் வகை, டிரான்ஸ்பார்மர் உள்ளேயே இருப்பவை. ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்காகச் செய்த சின்தசைசர், டிஜிட்டல் பியானோ முதலியவற்றில் பல இவ்வகை. லேபிளில் '100 வோல்ட்' என்று மட்டும் இருக்கும். நம் ஊர் பிளக் பாயிண்டில் நேராகச் செருகினால் இரண்டு மடங்குக்கும் அதிகமான அழுத்தம் பாயும். டிரான்ஸ்பார்மர் தாங்காமல் மின்னோட்டம் எகிறும். பியூஸ் போகும், அல்லது காயில் எரியும்.

இவற்றுக்கு 230ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர்தான் தீர்வு. கருவி 30 வாட் என்றால் 50 முதல் 60 வி.ஏ. திறன் உள்ளதைத் தர வேண்டும், சரிமட்டமாகத் தரலாகாது. 110 வோல்ட் தருவதை 100 வோல்ட் கருவிக்குக் கொடுத்தால் தொடக்கத்திலேயே பத்து சதவீதம் கூடுதல். மேலும், மெயின் ஏறினால் ஸ்டெப்-டவுனின் வெளிவரும் வோல்ட்டும் ஏறும். லைனில் 250 வந்தால் 100 என்பது ஏறக்குறைய 109 ஆகிவிடும். ஆகவே கரண்ட் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசரும் சேர்த்துப் பரிந்துரைப்பது நல்லது. விலை குறைவென்று ஆட்டோ டிரான்ஸ்பார்மர் கேட்பவரிடம், அதில் ஒரே காயில்தான், அது பழுதானால் முழு 230ம் கருவிக்குள் பாயக்கூடும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரட்டைக் காயில் உள்ளது எடை கூடும், விலையும் கூடும், ஆனால் பத்திரமானது.

ஹெர்ட்ஸையும் கவனிக்க வேண்டும். ஜப்பானில் கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60 என்பதால் அந்நாட்டுக் கருவிகள் பொதுவாக இரண்டுக்கும் ஏற்றவை. அமெரிக்காவின் '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' மட்டும் போட்ட கருவி நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறக்கூடும். வளைகுடாவிலிருந்து வருபவை எல்லாம் ஒன்றல்ல. துபாயின் மின்சாரம் நம்முடையதைப் போன்றதே. சவுதி அரேபியாவிலோ நெடுங்காலம் வீடுகளில் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் இருந்தது.

இவற்றையெல்லாம் விட ஆபத்தானவை இரண்டு சிறு பொருள்கள். ஒன்று, பின் மாற்றி. அது பின்னின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. இதைச் சொல்லாமல் கொடுத்தால், 'கன்வெர்ட்டர் வாங்கிவிட்டோம்' என்ற நம்பிக்கையோடு வாடிக்கையாளர் வீட்டில் போய்ச் செருகுவார். மற்றொன்று, உள்ளங்கை அளவில் எடையின்றி இருந்து, ஆயிரம் வாட்டுக்கு மேல் தாங்கும் என்று எழுதி வரும் பயணக் கன்வெர்ட்டர். இஸ்திரிப் பெட்டி, தலைமுடி உலர்த்தி போன்ற சூடேற்றும் சாதனங்களுக்கு உரியது அது. கீபோர்டுக்குத் தரவே கூடாது.

"கேட்டதைக் கொடுப்பதுதான் கடை, நாம் என்ன மெக்கானிக்கா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கூட்ட நேரத்தில் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பதும் நியாயமே. ஆனால் சட்டம் இன்று அந்தப் பதிலோடு நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரை மட்டுமின்றி விற்பனையாளரையும் சில நிலைகளில் பொறுப்பாக்குகிறது. பொருளை மாற்றியமைத்து விற்று அதனால் தீங்கு நேர்ந்தாலோ, உற்பத்தியாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காவிட்டாலோ, விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். கடையிலேயே ஒயரை வெட்டிப் பின்னை மாற்றிச் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மொத்த வியாபாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆடியோ, வீடியோ சாதனங்களுக்கான பவர் அடாப்டர்கள், 2012இல் பிறப்பிக்கப்பட்ட மத்திய அரசின் கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் பின்னர் கொண்டுவரப்பட்டன. அவற்றில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். பெயரும் இல்லாமல் எண்ணும் இல்லாமல் மூட்டையில் வரும் அடாப்டர்களை விலை மலிவென்று இறக்கி, சில்லறைக் கடைக்காரர் தலையில் கட்டுவது நல்ல வணிகமாகாது. விற்றவருக்கு ஒரு நாள் லாபம். கவுண்டரில் நிற்பவருக்கோ ஆண்டு முழுவதும் தகராறு.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. அடாப்டர் விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். கொடுக்குமுன் வோல்ட்டும் பிளஸ் மைனஸும் பார்த்துக் கொடுக்கட்டும். கருவியையோ, லேபிளின் படத்தையோ காட்டாதவருக்கு விற்பதில்லை என்று வைத்துக்கொள்வோம்; இன்று எல்லோர் கையிலும் கேமராவுள்ள செல்போன் இருப்பதால் அது ஒரு சிரமமே அல்ல. பில்லில் 'அடாப்டர் 1' என்று எழுதாமல், வோல்ட், ஆம்பியர், நடுப்பின் பிளஸா மைனஸா என்பதையும் எழுதுவோம். பின்னால் வழக்கு வந்தால் அந்த ஒரு வரி இருவருக்கும் சாட்சி. கருவியைத் திறந்து உள்ளே மாற்ற வேண்டிய வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் அனுப்புவோம். கடைப் பையன்களுக்கும் லேபிள் படிக்கச் சொல்லித் தருவோம். ஒரு மாலைப்பொழுது போதும்.

ஆன்லைனில் எந்த அடாப்டரும் வீடு தேடி வருகிறது. விலையில் அதனோடு போட்டியிட நம்மில் பலரால் இயலாது. ஆனால் கருவியைக் கையில் வாங்கி, லேபிளைப் படித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, "இதுதான் உங்களுக்குச் சரி" என்று சொல்ல நேரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நாம் இருக்கும் வரை வாடிக்கையாளர் நம் படியேறுவார். அதை ஊகத்தில் விற்று இழந்துவிட வேண்டாம்.