மீதியை வெள்ளித்திரையில் காண்க!

மெய்ப்பாடுகள் எட்டு என்றார் தொல்காப்பியர். அவற்றுள் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது பிறக்கும் காரணங்கள் நான்கனுள் புதுமையையே அவர் முதலில் வைத்தார். நகைக்கும் அழுகைக்கும் இன்றைய திரைப்படத்தில் குறைவில்லை. மருட்கையை மட்டும் கொட்டகைக்கு வெளியிலேயே கொன்றுவிடுகிறார்கள்.

முன்பெல்லாம் படக்கொட்டகைகளில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மலிவுத் தாளில் சில பக்கங்கள். பாடல்களோடு ஒரு கதைச் சுருக்கமும் இருக்கும். நெடுங்காட்டில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அவற்றைத் தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார். புரட்டிப் பார்த்தேன். கதாநாயகிக்கு ஆபத்து நெருங்கும் இடத்தில் கதை சட்டென்று நின்றுவிடுகிறது. கீழே, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று ஒரு வரி! எதுவரை சொல்லலாம் என்பது படத்தை விற்றவனுக்கே தெரிந்திருந்தது.

இன்றோ? முதலில் 'பர்ஸ்ட் லுக்', பின்பு டீசர், அதன்பின் டிரெய்லர். சண்டையும் சாவும் இரண்டரை நிமிடத்தில் கண்முன் ஓடிவிடுகின்றன. எஞ்சியிருப்பதையும் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்கள் கைப்பேசியில் அனுப்பிவிடுகிறார்கள். இதில் பெரிதும் இழப்பவன் யார்? கையில் காசு சேர்ந்தபின், இரண்டு வாரம் கழித்துக் காரைக்காலுக்குப் பேருந்தேறிப் போகும் நெடுங்காட்டு மாணவன்தான். கட்டணத்தில் அவனுக்கு எவரும் தள்ளுபடி தருவதில்லை.

"தெரிந்த கதையைத்தானே நம் முன்னோர் விடிய விடியப் பார்த்தார்கள்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. புனிதவதியாருக்கு இரண்டாம் மாங்கனி எவ்வாறு கிடைத்தது என்பதை இப்பகுதியில் அறியாத குழந்தை உண்டா? ஆயினும் மாடிகளிலிருந்து மாங்கனி வீசும்போது கூட்டம் கைநீட்டி அலைமோதுகிறது. அரிச்சந்திரன் சுடுகாடு காப்பான் என்று தெரிந்தேதான் மக்கள் கூத்துக்குப் போனார்கள். அங்கே கதை பொதுச்சொத்து. இன்றிரவு இவன் எப்படிப் பாடப்போகிறான் என்பதே புதுமை. அதை எவராலும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

மறைவையே முதலாகக் கொண்ட கதை வேறு. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாடலே கிடையாது. துப்பாக்கி வெடிக்கிறது, தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் வீழ்கிறார். சுட்டவர் யார் என்ற ஒரே கேள்விதான் படத்தை இறுதிவரை இழுத்துச் செல்கிறது. எழுபது ஆண்டுகள் கடந்தும் அதை நான் இங்கே எழுதமாட்டேன். பார்க்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் அல்லவா?

ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ'வை வெளியிட்டபோது, படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடக்கூடாது என்றார். லண்டனில் 1952இல் மேடையேறிய அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகம் முடிந்ததும், கொலையாளியை வெளியில் சொல்லவேண்டாம் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம்.

விளம்பரமின்றிப் படம் ஓடாது என்பார்கள். ஓடாதுதான். விளம்பரம் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அந்தப் பழைய கதைச் சுருக்கமும் விளம்பரந்தானே? படவுலகத்தினர் கேட்பார்களோ, மாட்டார்களோ, வகுப்பு நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். முதல் நாளே பார்த்துவிட்டு வருபவர்கள் படம் நன்றா, அன்றா என்று சொல்லுங்கள். ஆவல் தாங்கவில்லையென்றால் இடைவேளை வரைக்கும் கதையைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.